டாங்கிக்குள் போடுகிற குழாய்

றொஜருக்கு ஏதாவது பெரிய காரியம் செய்ய மனம் வந்துவிட்டால் வாய் பூட்டிக்கொள்ளும். அவரைத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். கல்யாணமாகி எட்டு மாதமே ஆகிற நிரோசினிக்குத்தான் இன்னும் பழகவில்லை. அந்த வாரம் முழுவதும் மனிசன் வேலையால் வந்த கையோடு, தேத்தண்ணியைக்கூட அரைவாசியில் வைத்துவிட்டு, கீழே இறங்கிப் போனார். கீழே படிக்கட்டுக்கு அடியில் அவருடைய மோட்டார் சைக்கிள் நாலு வருடமாகப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிக் கிடந்தது. பழைய ஜெர்மன் வண்டி. கன்றுக்குட்டி அளவு டாங்கி அதற்கு.

அந்த நாலு வருடக் கணக்கு நிரோசினிக்கு நன்றாகத் தெரியும். அமலினி போய் நாலு வருடம். அமலினி றொஜரின் முதல் மனைவி, மன்னார்ப் பிள்ளை, வருத்தம் கண்டு ஒரு மழைக்காலத்துக்குள் முடிந்துபோனவள். அவள் பின்னால் ஏறி இருந்து ஊரெல்லாம் சுற்றிய வண்டி அது. அவள் போனபிறகு வண்டியையும் யாரும் எழுப்பவில்லை. இப்போது ஏன் எழுப்புகிறார் என்று கேட்கிற உரிமை தனக்கு உண்டா என்று நிரோசினிக்கு நிச்சயமில்லை. கேட்காமல் விட்டாள். கேட்காமல் விடுவதில் அவள் கெட்டிக்காரி.

அந்தக் கெட்டித்தனம் சும்மா வரவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக இத்தாலியின் பலேர்மோவில் அடுத்தவர் வீடுகளில் கூட இருந்து வயதானவர்களைப் பார்த்தவள் அவள். குசினிக்குப் பின்னால் ஒரு கட்டில், அலுமாரியில் ஒரு தட்டு, சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற யாரோ ஒரு வீட்டுக்கார அம்மாவின் திறப்பு. தம்பி தங்கச்சிமாரைக் கரைசேர்த்து நிமிர்ந்தபோது வயது நாற்பத்தைந்து. அந்த வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தால் பஸ் பிடித்து, அந்த நகரத்தைக் காக்கிற புனிதை றொசாலியா அம்மாவின் மலைக்குப் போவாள். பலேர்மோத் தமிழருக்கு அந்த மலையில் சைவம், கிறிஸ்தவ வேதம் என்ற பிரிவினை கிடையாது. குகைக்குள் இருக்கிற அம்மா எல்லாருக்கும் அம்மா. ஒருநாள் அவள் அங்கே முழங்காலில் நின்று கேட்டாள்: எனக்கென்று ஒரு வீடு தா அம்மா, வெறுங்காலோடு நடந்து வந்து மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

அம்மாவும் தந்துவிட்டாள் என்றுதான் சொல்லவேண்டும். கோயில் பங்கில் பழகிய இரண்டு பேர் நடுவில் நின்று பேசினார்கள். அவள் யாழ்ப்பாணத்துச் சைவம், அவர் மன்னார் வேதம். இந்த வயதில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. பல்லரோச் சந்தைக்குப் பின்னால், அல்பெர்கேரியாவின் ஒரு முடுக்கில், மூன்றாம் மாடியில் வீடு. மடு மாதாவுக்குப் பக்கத்தில் அவளுடைய பிள்ளையார் படத்துக்கும் றொஜர் தானே ஒரு ஆணி அடித்துக் கொடுத்தார்.

ஆனால் நேர்ந்துகொண்ட அந்த நேர்த்தியை இன்னும் செய்யவில்லை. கேட்கிறவர்களுக்கு முழங்கால் நோகுது என்று சொன்னாள். முழங்கால் நோவு உண்மைதான். அதைவிட உண்மையான ஒன்று இருந்தது, அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. வீடு கிடைத்துவிட்டதா என்பதே அவளுக்குச் சந்தேகம். கிடைக்காத வீட்டுக்கு எப்படி நன்றி சொல்லுவது?

குசினியில் மிளகாய்த்தூள் டின் அடுப்புக்கு இடது பக்கம் இருந்தது. அது அமலினி வைத்த இடம். வந்த புதிதில் நிரோசினி அதைத் தன் கைக்கு வசதியாக வலது பக்கம் மாற்றினாள். அன்று இரவு றொஜர் முட்டை பொரிக்கப் போனபோது அவருடைய கை இடது பக்கம் போய் வெறும் சுவரைத் தடவியது. விடிய எழும்பி நிரோசினி டின்னைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் எதையும் நகர்த்தவில்லை. திரைச்சீலை குட்டையாக இருந்தது, அரிசி வாளி கதவை இடித்தது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வார்த்தையை மென்று விழுங்கினாள். கோயிலில் யாராவது "அமலினி இருந்திருந்தா" என்று கதையைத் தொடங்கினால் இவளும் சேர்ந்து தலையாட்டுவாள். செத்துப்போனவளோடு யார் மல்லுக்கட்டுவது? தோற்பது நிச்சயம்.

இந்த நேரம் பார்த்துத்தான் லிபெர்த்தா வீதியில் அவள் பகலில் போய்ப் பார்க்கிற சிஞ்ஞோரா ஒரு செய்தி சொன்னா. சிஞ்ஞோராவை மகள் மிலானோவுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறாள். "நீயும் வா நிரோ. உனக்குத் தனி அறை, ஜன்னலோடு. ஞாயிறு பின்னேரத்துக்கு முன்னம் பதில் சொல்லு." ஜன்னலோடு அறை. நிரோசினி அதை றொஜருக்குச் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் கேட்டால் அவளுக்கே தெரியாது. சொன்னால் அவர் "போம்" என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். "போகாதேயும்" என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவாரோ என்று அதைவிடப் பயம்.

வெள்ளிக்கிழமை படுக்கும்போது அவள் மனம் ஏறக்குறைய மிலானோவில் இருந்தது.

சனிக்கிழமை காலை, பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் வந்து றொஜர் தொண்டையைச் செருமினார்.

"இஞ்சேரும், உம்மடை கையை ஒருக்காக் காட்டும்."

"மாக்கை. என்னத்துக்கு?"

"கழுவிப்போட்டுக் காட்டுமன்."

கழுவிக்கொண்டு காட்டினாள். அவர் தன் கட்டைவிரலையும் நடுவிரலையும் வளையமாக வைத்து அவள் கையின் அகலத்தை அளந்தார். அளந்துவிட்டு, "போகும்" என்று தனக்குத்தானே சொன்னார்.

"எங்கை போகும்? ஒண்டைக் கதைச்சால் முழுசாக் கதையுங்கோ."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வண்டி ஸ்டார்ட் எடுக்கிறது, ஆனால் ஒரு நிமிடத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. பெற்றோல் பம்ப் அந்த வண்டியில் டாங்கிக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். பம்ப் இரைகிற சத்தம் கேட்கிறது, பெற்றோல்தான் எஞ்சினுக்கு வந்து சேரவில்லை. அப்படியானால் உள்ளே பம்பிலிருந்து வெளியே போகிற றப்பர் குழாய் வெடித்திருக்க வேண்டும். அதை மாற்ற ஒரே ஒரு வழிதான், பெற்றோல் ஊற்றுகிற வாயால் கையை விடுவது. றொஜருடையது, கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகை விடுதியில் பெட்டி தூக்கியும் கதவு திருத்தியும் பருத்த கை. மணிக்கட்டுக்கு மேலே போகவில்லை. போக வைக்கப் பார்த்து மூன்று விரல் முட்டியைத் தோலுரித்து வைத்திருந்தார்.

"டாங்கியைக் கழட்டிப் பெற்றோல் முழுக்க எடுத்துப்போட்டன். ரெண்டு நாளாத் திறந்து காயவிட்டிருக்கிறன். பயப்பிட ஒண்டுமில்லை."

"எங்கை வைச்சுச் செய்யப்போறியள்? கீழை அந்த மனிசன் எண்ணெய்ச் சட்டி வைச்சிருக்கிறான்."

வாசலோடு கடலைமாப் பனெல்லே பொரிக்கிற கிழவன் பெற்றோல் மணத்துக்கு ஏற்கனவே நாலு தரம் கத்திவிட்டான், எங்களையெல்லாம் வானத்துக்கு அனுப்பப் பார்க்கிறாயா என்று. அவன் கத்தியதில் நியாயம் இருந்தது. ஆகவே றொஜர் டாங்கியைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார். நிரோசினி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குறடு திருப்புளி போட்ட ஆயுதப் பையோடு பின்னால் ஏறினாள். மொட்டைமாடியில் காற்று அடித்தது. அடுத்த வீட்டாரின் விரிப்புகள் கொடியில் படபடத்தன. கூரைகளுக்கு அப்பால், வடக்கே, றொசாலியா அம்மாவின் மலை நின்றது. நிரோசினி அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். கடன் தந்தவள் முன்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

வளையல்களைக் கழற்றி வைத்தாள். சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டும்போது போடுகிற மெல்லிய கையுறையை மாட்டினாள். டாங்கி வாயைச் சுற்றியிருந்த திருகாணிகளை றொஜர் முன்பே கழற்றியிருந்தார். கை உள்ளே போனது. பெருவிரலின் அடியில் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து, பிறகு வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

உள்ளே ஒன்றும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டால்தான் சுகம். அவள் கண்ணை மூடினாள். எத்தனையோ வருடம் இருட்டில் போர்வைக்குள் கைவிட்டு, நித்திரை குழம்பாமல் கிழவிகளைப் புரட்டிப் படுக்கவைத்த கை அது. எதை எங்கே தொடுகிறோம் என்று அதற்குத் தெரியும்.

"உருளையா ஒண்டு நிக்குது."

"அதுதான் பம்ப். மேலை தடவிப் பாரும். குழாய் இருக்கோ?"

"இருக்கு. தொட்டால் பசை மாதிரி ஒட்டுது. சீ! ஒரு கிளிப் இருக்கு. அதுக்குப் பக்கத்திலை என்னவோ கம்பி சுத்திக் கட்டியிருக்கு."

"அது செப்புக் கம்பி. குழாய் மிதவையிலை முட்டாமல் இழுத்துக் கட்டினது. பெற்றோல் எவ்வளவு கிடக்கெண்டு காட்டுறது அந்த மிதவைதானே. குறட்டைத் தாறன், வெட்டிவிடும்."

நிரோசினியின் விரல் கம்பியைத் தடவிக்கொண்டு போனது. அது சும்மா முறுக்கிவிட்ட கம்பியல்ல. கொஞ்சத் தூரத்துக்கு ஒரு முடிச்சாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒழுங்காகப் போயிற்று. மாலை கட்டுகிறவர்கள் போடுகிற முடிச்சு. அவளுக்கு அந்த முடிச்சுத் தெரியும். பங்கிலே மாதாவுக்கு மாலை கட்டுகிற பெண்கள் இன்றைக்கும், "இது அமலினி காட்டித்தந்த கட்டு" என்று சொல்லிச் சொல்லித்தான் கட்டுவார்கள்.

கை அப்படியே நின்றது.

"இதைக் கடைசியா ஆர் மாத்தினது?"

றொஜர் ஆயுதப் பையில் எதையோ தேடுகிற மாதிரிப் பாவனை பண்ணினார். தேடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"அமலினி," என்றார். "அப்பவும் என்ரை கை போகேல்லை."

 நிரோசினிக்குப் பொறாமை என்று யாராவது நினைத்தால் அது பிழை. அவளுக்கு வந்தது வேறு. இருட்டுக்குள் இன்னொரு பெண்ணின் கை இருந்த அதே இடத்தில் தன் கை இருக்கிறது. அவள் விரல் மடங்கிய இடத்தில்தான் தன் விரலும் மடங்குகிறது. உலகத்தில் அமலினி கையால் செய்து, இன்னும் அவிழாமல் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதானோ என்னவோ. அதைத்தான் இந்த மனிசன் நாலு வருடம் தொடாமல் விரிப்புப் போட்டு மூடி வைத்திருக்கிறார். இன்றைக்குக் குறட்டைக் கொடுத்து வெட்டச் சொல்லுகிறார்.

"குறடு வேண்டாம்," என்றாள்.

"வெட்டினால் கெதியா முடியுமெல்லோ."

"எனக்கு அவசரமில்லை."

அவிழ்த்தாள். ஒரு கையால், கண்ணை மூடிக்கொண்டு, கையை வெளியே எடுத்து உதறி உதறி மறுபடியும் விட்டு, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். மணம் தலையைச் சுற்றியபோது எழுந்து காற்றில் நின்றுவிட்டு வந்தாள். றொஜர் மூன்று தரம் "களைச்சுப்போனீர்" என்றார், ஒரு தரம் தண்ணீர் கொண்டுவந்து தந்தார், மற்ற நேரமெல்லாம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே சந்தையில் மீன்காரன் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தான். கடைசியில் கம்பி முழுசாக வந்தது. அவள் அதைத் தன் வளையல்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கட்டைத் திருப்புளியால் கிளிப்பைத் தளர்த்திக் குழாயையும் இழுத்து எடுத்தாள்.

குழாயின் கோலத்தைப் பார்க்கவேண்டுமே! தண்ணீரில் விழுந்த பாண் மாதிரி ஊதி, தொட்ட இடமெல்லாம் தோல் கழன்று, கையுறை கறுப்பாகிவிட்டது. நடுவில் வாய் பிளந்து கிடந்தது. ஆனால் நிரோசினி அதைப் பிளந்த இடத்தில் விரித்துப் பார்த்தபோது ஒன்று கவனித்தாள். உட்பக்கத்து றப்பர் வழவழவென்று நல்லாத்தான் இருந்தது. நாசமாகியிருந்தது வெளிப்பக்கம். இன்னொன்றையும் கவனித்தாள். கிளிப் இறுக்கிப் பிடித்திருந்த இடத்தில் மட்டும் பெற்றோல் ஊறவில்லை, அங்கே குழாயில் அச்சடித்த வெள்ளை எழுத்து அழியாமல் இருந்தது.

றொஜர் கடைப் பையிலிருந்து புதுக் குழாயை எடுத்து நீட்டினார். அதன்மேலும் வெள்ளை எழுத்து. அதே எழுத்து, அதே இலக்கம்.

"அதே சாமான்தான்," என்றார் றொஜர், கொஞ்சம் பெருமையாக. "பழைய துண்டு ஒண்டு வீட்டிலை கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டித் தேடிப்பிடிச்சு வாங்கினனான். அதுதானே இவ்வளவு காலம் ஓடினது."

நிரோசினி இரண்டு குழாயையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மெக்கானிக் இல்லை. ஆனால் கண் இருக்கிறது. பெற்றோல் குழாய்க்குள் ஓடுவதற்குச் செய்த குழாய் இது. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது. பெற்றோலுக்குள்ளேயே கிடந்து ஊறுவதற்குச் செய்ததல்ல. இதையே திரும்பப் போட்டால் திரும்ப இதுதான் நடக்கும். இன்றைக்கில்லை, நாளைக்கில்லை. ஒரு நாள், ஏதோ ஒரு மலை வளைவில்.

சொல்லவேண்டும். ஆனால் எப்படிச் சொல்லுவது? அமலினி போட்ட குழாய் பிழை என்றா? எட்டு மாதமாக அரிசி வாளியைப் பற்றிக்கூட வாய் திறக்காதவள், இந்தக் குழாயில் தொடங்குவதா? இரண்டாம் தாரம் வந்து முதல் தாரத்தில் குற்றம் பிடிக்கிறாள் என்று ஊர் சொல்லுமே. ஊரை விடுங்கள், இந்த மனிசனின் முகம் விழுந்துபோனால் அதை எங்கே வைத்துப் பார்ப்பது? பேசாமல் போட்டுக் கட்டிவிட்டால் வண்டி ஓடும். அது வெடிக்கிற காலத்தில் அவள் மிலானோவில் இருப்பாள். ஜன்னலோடு அறையில். யாருடைய வண்டி, யாருடைய குழாய்?

அங்கேதான் அவளுக்கு மனம் இடறியது. போகிறவளாக இருந்தால் சொல்லத் தேவையில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அந்த வளைவில் வண்டி நிற்கும்போது அதில் இருக்கப்போவது இந்த மனிசன். பருத்த கையும் தோலுரிந்த முட்டியும் வாய் திறக்காத குணமுமாக இந்த மனிசன். அவருக்கு ஒன்று நடக்கட்டும் என்று விட்டுவிட அவளால் முடியவில்லை. அட கடவுளே, என்று நினைத்தாள். நான் இந்த ஆளில் பாசம் வைத்துவிட்டேன்.

"இஞ்சேருங்கோ," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. "இது டாங்கிக்குள்ளை போடுறதெண்டு கடைக்காரருக்குச் சொன்னனீங்களோ?"

றொஜர் நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. அப்படியே பின்னால் நகர்ந்து தண்ணீர்த் தொட்டித் திட்டில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

முடிந்தது, என்று நினைத்தாள் நிரோசினி. வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டேன்.

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எழுந்து கிட்டப் போனாள். கிட்டப் போனால் சிரிப்புச் சத்தம் கேட்டது. கையை எடுத்தார். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாய் சிரிக்கிறது. எதை நம்புவது என்று தெரியாமல் அவள் நின்றாள்.

"உதே கேள்வி," என்றார். "ஒரு சொல்லு மாறாமல் உதே கேள்வி. அவளும் இப்பிடித்தான், குழாயைக் கையிலை வைச்சுக்கொண்டு கேட்டவள். டாங்கிக்குள்ளை போடுறதெண்டு கடைக்காரனுக்குச் சொன்னனீங்களோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"உனக்கென்ன தெரியும், வாயை மூடிக்கொண்டு கட்டு எண்டன்."

நிரோசினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாது என்று உதட்டைக் கடித்தும் வந்துவிட்டது. பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். கொடியில் விரிப்பு எடுக்க வந்த அடுத்த வீட்டுக்காரி இவர்களைப் பார்த்துவிட்டு எடுக்காமலே திரும்பிப் போனாள். எட்டு மாதம் நிரோசினி யாருக்குப் பயந்து ஒளித்து நடந்தாளோ, அந்த அமலினி அவளுக்கு எதிராளியாக இருந்ததே இல்லை. அவளும் இதே மனிசனிடம் இதே கேள்வியைக் கேட்டு, இதே மாதிரிப் பல்லைக் கடித்துக்கொண்டு, சரி போ என்று மாலை முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டுப் போனவள்தான். நிரோசினிக்கு அவளைக் கண்டு இரண்டு வார்த்தை கதைக்கவேண்டும் போல இருந்தது.

"அப்ப இப்ப எனக்கு என்ன சொல்லப்போறியள்?"

றொஜர் கண்ணைத் துடைத்தார். "கடை ஒரு மணிக்குப் பூட்டியிடும். வாரும், ஓடுவம்."

ஓடவில்லை, முழங்கால் விடவில்லை. ஆனால் கடை பூட்டுவதற்கு முன் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் சந்தைக்குள் ஆள்நெரிசலில் றொஜர் அவளுடைய முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் கதவுச் சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டார். நிரோசினி றொஜரை முந்திக்கொண்டு இத்தாலியனில் சொன்னாள், குழாய் டாங்கிக்கு உள்ளே போடுவதற்கு, பெற்றோலுக்குள் மூழ்கி இருக்கும் என்று. கடைக்காரர் றொஜரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே போய் வேறொரு லாச்சியை இழுத்துத் திறந்து விறைப்பான குழாய் ஒன்றை எடுத்து வந்தார்.

"இதுதான் உள்ளுக்கும் வெளிக்கும் தாங்கும். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே. இப்போது யார் சொன்னது உனக்கு?"

"மீயா மொல்யே," என்றார் றொஜர். என் மனைவி.

எந்த மனைவியைச் சொல்லுகிறார் என்று நிரோசினிக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவேண்டும் என்றும் இருக்கவில்லை. குழாயை வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பின்னேரம் வேலை சுருக்காக முடிந்தது. புதுக் குழாய், புதுக் கிளிப். மிதவையில் முட்டாமல் இழுத்துக் கட்டவேண்டிய இடம் வந்ததும் றொஜர் பிளாஸ்டிக் பட்டி ஒன்றை நீட்டினார். நிரோசினி அதை வாங்கவில்லை. வளையல்களுக்குப் பக்கத்தில் கிடந்த செப்புக் கம்பியை எடுத்தாள்.

"அது பழசெல்லோ?"

"குழாய்தான் பழுது. கம்பிக்கு என்ன குறை?"

அமலினியின் முடிச்சு அவளுக்கு வரவில்லை. சணல் சாக்கு வாயைக் கட்டுகிற தன் முடிச்சைப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள், உறுதியாக நின்றது. கையை வெளியே எடுத்தபோது பெருவிரலின் அடி சிவந்திருந்தது. றொஜர் அந்தக் கையைப் பிடித்துக் கையுறையைக் கழற்றிவிட்டு, சவர்க்காரம் போட்டு அவரே கழுவிவிட்டார். விரலுக்கு விரல், நகத்துக்கு நகம். அவளும் விட்டுக்கொண்டு நின்றாள். இத்தனை வருடத்தில் அவள் எத்தனை பேரின் கையைக் கழுவியிருப்பாள். அவள் கையை யாரும் கழுவியதில்லை.

"இப்ப எண்டாலும் சொல்லுங்கோ," என்றாள். "ஏன் திடீரெண்டு இந்த வண்டி?"

"நடந்து ஏற ஏலாது, முழங்கால் விடாது, நேர்த்தி கிடக்குது எண்டு மாசி மாசம் சொன்னனீரெல்லோ?" அவர் அவள் கையைத் துவாயால் ஒற்றினார். "மேலை கடைசி வளைவு மட்டும் வண்டியிலை போவம். மிச்சத்தை நடப்பம். அம்மாவுக்கு அது விளங்கும்."

மாசி மாதம் சொன்னது. அவள் சொன்னதையே மறந்திருந்தாள்.

டாங்கியைக் கீழே கொண்டுபோய்ப் பூட்டிப் பெற்றோல் ஊற்றியதும் வண்டி முதல் தொடுகையிலேயே எழும்பியது. கீழே பனெல்லேக் கிழவன் கைதட்டினான். நிரோசினி மாடியில் நின்று சத்தத்தைக் கேட்டாள், ஒரு நிமிடம் கடந்தது, இரண்டு நிமிடம் கடந்தது, மூச்சு நிற்கவில்லை. உள்ளே போய் மிளகாய்த்தூள் டின்னை எடுத்து அடுப்புக்கு வலது பக்கம் வைத்தாள். இரவு றொஜரின் கை இடது பக்கம் போனது. "வலது பக்கம்," என்றாள் அவள். கை வலது பக்கம் வந்தது. இவ்வளவுதான் விஷயம். இதற்கு எட்டு மாதம்.

மறுநாள் மலை வளைவுகளில் ஏறும்போது அவள் அவருடைய இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கீழே கடலும் நகரமும் மாறி மாறி வந்தன. ஒவ்வொரு வளைவிலும் காதை டாங்கிப் பக்கம் கொடுத்தாள். உள்ளே தன் முடிச்சு நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் கொடுத்தாள்.

கடைசி வளைவில் றொஜர் வண்டியை ஓரங்கட்டினார். நிரோசினி கைத்தொலைபேசியை எடுத்து, அவர் முன்னாலேயே, சிஞ்ஞோராவை அழைத்தாள். இத்தாலியனில் கதைத்தாள். சிஞ்ஞோரா, மன்னிக்கவேண்டும், நான் மிலானோவுக்கு வரமாட்டேன். இல்லை, சம்பளம் காரணமில்லை. அறையும் நல்ல அறைதான். எனக்கு இங்கே வீடு இருக்கிறது.  

றொஜர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"மிலானோவோ?"

"ஓம். கூட வந்து இருக்கச் சொல்லிக் கேட்டவ."

"எனக்குச் சொல்லேல்லை."

"உங்களுக்கும் மாசி மாசத்துக் கதையைச் சொல்ல இவ்வளவு நாள் எடுத்ததுதானே."

போயிருப்பாளோ என்ற பயம் நடந்து முடிந்த பிறகு இப்போதுதான் அவருக்கு வந்தது, முகத்தில் அப்படியே தெரிந்தது. அதைப் பார்த்ததும் நிரோசினிக்கு அழுகையும் வந்தது, சந்தோசமும் வந்தது. குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"என்ன நேர்த்தி எண்டு நீர் இதுவரைக்கும் சொல்லேல்லை," என்றார் அவர்.

"வீடு கேட்டனான். எனக்கெண்டு ஒரு வீடு."

றொஜர் வண்டியில் சாய்ந்து, ஒரு காலைத் தூக்கி, சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"நேர்த்தி என்ரையெல்லோ, நீங்கள் ஏன் கழட்டுறியள்?"

"வீடு ரெண்டு பேற்றையும்தானே," என்றார் அவர், காலுறையையும் கழற்றிச் சப்பாத்துக்குள் திணித்துக்கொண்டு.

பாதைக் கல் வெயிலில் சுட்டது. அவள் முழங்காலுக்காக இருவரும் மெல்ல நடந்தார்கள்.